மென்பொருள் நிறுவ மறுக்கும்போது: வீட்டுக் கணினிக்கான ஒரு பாடம்

வீட்டுக் கணினியில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவ முற்படுகிறோம். திரையில் ஓடிய கோடு பாதி வழியில் நின்றுவிடுகிறது. அல்லது பொருள் விளங்காத ஓர் எண்ணைக் காட்டிப் பணி முடங்கிவிடுகிறது. இந்த நிலையில் நமக்குப் பண நட்டம் எதுவும் நேர்ந்துவிடவில்லை. நிறுவல் தோல்வியுற்றால் கணினி பெரும்பாலும் தன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நட்டம் நேரக்கூடியது அதற்கு அடுத்த கால்மணி நேரத்தில். தேடுபொறியில் கண்ட ஏதோ ஓர் ‘உதவி எண்ணை’ அழைப்பதும், பாதுகாப்பு மென்பொருளை அணைத்துவிட்டு மீண்டும் முயல்வதும், முன்பின் அறியாதவர் கையில் நம் திரையை ஒப்படைப்பதும் அந்தக் கால்மணி நேரத்தில்தான் நிகழ்கின்றன. அதே கணினியில்தான் நம் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

ஆகவே, நிறுவல் ஏன் தோற்கிறது, எந்த வரிசையில் காரணத்தைத் தேட வேண்டும், எந்த இடத்தில் முயற்சியை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம். கணினிப் பயிற்சி பெறாதவரும் பின்பற்றத்தக்க அளவிலேயே விளக்கங்கள் அமைந்துள்ளன.

எல்லைப்புற வீடுகளில் இருவகைக் கணினிகள்

கேரளத்தின் தென்கோடியில் காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய பகுதிகளைச் சார்ந்த எல்லைக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கியது. எல்லை பிரிந்தபோதிலும் பெண் கொடுத்தலும் எடுத்தலும் நிற்கவில்லை. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே குடும்பத்தின் கிளைகள் வாழ்கின்றன. எனவே ஒரே வீட்டில் இரு மாநிலங்களின் கணினிப் பழக்கங்கள் வந்து சேர்வதும் இயல்பே.

தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் பல, விண்டோஸோடு ‘பாஸ்’ எனப்படும் லினக்ஸ் இயங்குதளத்தையும் சேர்த்தே கொண்டிருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கேரளத்திலோ 2001-இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் இயங்குவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அந்நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளமாகும். தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகளும் அதிலேயே கணினியைக் கற்கின்றனர்.

மார்த்தாண்டத்தில் படித்த அத்தை மகளின் விண்டோஸ் மடிக்கணினி பாறசாலை வீட்டுக்கு வருகிறது எனக் கொள்வோம். பள்ளியில் ஜியோஜீப்ரா பழகிய சிறுவன், அங்கிருந்து பென்டிரைவில் எடுத்துவந்த நிறுவல் கோப்பை அதில் சொடுக்குகிறான். கணினி அதனைத் திறக்க மறுக்கிறது. கோப்பிலும் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை. உபுண்டு வகை லினக்ஸுக்குரிய நிறுவல் கோப்பு ‘.டெப்’ என முடியும், விண்டோஸுக்குரியது ‘.இஎக்ஸ்இ’ அல்லது ‘.எம்எஸ்ஐ’ என முடியும். ஒன்றை மற்றொன்று ஏற்காது. ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய மென்பொருள்களுக்கு இரு இயங்குதளங்களுக்கும் உரிய பதிப்புகள் உள்ளன. அவரவர் அதிகாரபூர்வ இணையதளத்தில் விண்டோஸ் பதிப்பைப் பெற்றுக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது.

நிறுவல்போது நிகழ்வது என்ன?

பாலராமபுரத்துக் கைத்தறியைக் கண்டவர்கள் அறிவார்கள்: பாவு ஒழுங்காக ஏறாமல் ஊடை ஓட்ட இயலாது. மென்பொருளும் அவ்வாறே. நாம் ஒருமுறை சொடுக்கியதும் நிறுவி பல வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறது. முதலில் சுருக்கிக் கட்டப்பட்ட கோப்புகளைத் தற்காலிகக் கோப்புறையில் விரிக்கிறது. பின்னர் இயங்குதளம், நினைவகம், வன்தட்டின் இடம் ஆகியவை போதுமா எனச் சோதிக்கிறது. அடுத்து, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் கோப்புகளைப் படியெடுக்கிறது. விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் பதிவேட்டில் குறிப்புகளை எழுதுகிறது. தேவையான துணைக்கூறுகள் இல்லாவிடில் அவற்றையும் சேர்க்கிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று இயலாமற்போனால், பெரும்பாலான நிறுவிகள் அதுவரை செய்தவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிழைச்செய்தியைக் காட்டும்.

எனவே பிழைச்செய்தி என்பது எந்தப் படியில் வேலை நின்றது என்பதைச் சொல்லும் குறிப்பு. அதை மூடிவிட்டு மீண்டும் மீண்டும் சொடுக்குவதால் பயனில்லை. முதலில் அதனைத் தாளில் எழுதிக்கொள்க. அல்லது கைப்பேசியில் படமெடுத்துக்கொள்க. விண்டோஸில் அடிக்கடி தோன்றும் சில எண்களும் அவற்றின் பொருளும் வருமாறு:

1618: வேறொரு நிறுவல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

1638: இதே மென்பொருளின் மற்றொரு பதிப்பு ஏற்கெனவே உள்ளது.

1603: நிறுவலைத் தொடர இயலாத பிழை. இது பொதுவான எண். காரணம் அனுமதியின்மையாகவோ, பழைய பதிப்பின் எச்சமாகவோ, வேறொன்றாகவோ இருக்கலாம்.

80070005: அனுமதி மறுக்கப்பட்டது.

80070070: வன்தட்டில் இடம் போதவில்லை.

கடைசி இரு எண்களுக்கு முன்னால் ‘0எக்ஸ்’ என்னும் குறியும் சேர்ந்து வரும். எண் எதுவாயினும், கீழ்க்காணும் ஆறு சோதனைகளை வரிசை மாறாமல் செய்துவந்தால் வீட்டுக் கணினிகளில் நேரும் தடைகளுள் பெரும்பாலானவை விலகிவிடும்.

முதற் சோதனை: பொருத்தம்

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘அபவுட்’ என்பதைத் திறந்தால் மூன்று செய்திகள் கிடைக்கும்: விண்டோஸின் பதிப்பு, நினைவகத்தின் அளவு, கணினி 32 பிட் வகையா 64 பிட் வகையா என்பது. 32 பிட் விண்டோஸில் 64 பிட் மென்பொருள் இயங்காது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்கள் பெரும்பாலும் இயங்கும். ஆனால் பிரிண்டர், ஸ்கேனர் போன்ற கருவிகளுக்கான 32 பிட் டிரைவர்கள் இயங்கமாட்டா. பழைய பிரிண்டர் புதிய கணினியில் வேலை செய்யாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இயங்குதளத்தின் வயதையும் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 7-க்கான ஆதரவை 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1-க்கான ஆதரவை 2023 ஜனவரி 10 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்றும் முடித்துக்கொண்டது. இயங்குதளத்தின் ஆதரவு முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் படிப்படியாக விலகுகின்றன. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றில் இயங்கும் கடைசிக் குரோம் உலாவி 109-ஆம் பதிப்பாகும். அக்கணினிகளில் இன்றைய குரோம் நிறுவலை எத்தனை முறை முயன்றாலும் அது நிறைவேறாது.

விண்டோஸ் 11-க்கு 64 பிட் செயலி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், ‘டிபிஎம் 2.0’ எனப்படும் பாதுகாப்புக் கூறு ஆகியன வேண்டும். இவை இல்லாத பழைய மடிக்கணினியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதில் ஆதரவுள்ள ஓர் உபுண்டு வகை லினக்ஸை நிறுவி, பிள்ளைகளின் படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன விண்டோஸ் கணினியில் இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும்.

பொருத்தம் பார்க்கும்போதே மற்றொரு கேள்வியையும் கேட்டுக்கொள்வோம்: இந்த மென்பொருள் உண்மையிலேயே தேவையா? தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருளைத் தேடுவோர் இன்னும் பலர். விண்டோஸ் 10-இல் 2019-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு முதல், ஒலிப்பு முறையில் தமிழ் எழுதும் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தாலே போதும். எதையும் இணையத்திலிருந்து தேடி நிறுவ வேண்டியதில்லை.

இரண்டாம் சோதனை: இடம்

நிறுவல் கோப்பு 1 ஜிபி அளவுடையது என்பதால் 1 ஜிபி இடம் போதும் என எண்ணுதல் பிழை. சுருக்கப்பட்ட கோப்பு, அது விரிந்த வடிவம், இறுதியாகப் படியெடுக்கப்படும் வடிவம் ஆகிய மூன்றுக்கும் சிறிது நேரம் ஒருங்கே இடம் வேண்டும். மென்பொருளை ‘டி’ பிரிவில் நிறுவினாலும், தற்காலிகக் கோப்புறை வழக்கமாக ‘சி’ பிரிவிலேயே இருப்பதால் அங்கும் இடம் தேவை. ‘ஸ்டோரேஜ்’ பகுதியிலுள்ள தற்காலிகக் கோப்புகளை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்க. நீக்குவதற்கு முன் பட்டியலைப் படிக்க வேண்டும். ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையும் அப்பட்டியலில் இடம்பெறுவதுண்டு.

பென்டிரைவில் கோப்பைக் கொண்டுவருவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ‘ஃபேட்32’ முறையில் அமைந்த பென்டிரைவில் எவ்வளவு இடமிருந்தாலும், 4 ஜிபி அளவை எட்டும் தனிக் கோப்பு அதில் ஏறாது. அதனை ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளிருப்பவை யாவும் அழிந்துவிடும் என்பதால், முதலில் அவற்றை வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் சோதனை: கோப்பின் முழுமையும் மூலமும்

கேரளத்தில் கே-ஃபோன் இணைய வலையமைப்பு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இணைப்பு எவருடையதாயினும், ஐப்பசி மாதத்து மாலை இடிமழையில் மின்சாரமும் இணையமும் அறுபடுவது அப்பகுதியினர்க்குப் புதிதன்று. இறங்கிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நின்றால் நிறுவல் தொடங்கியதும் ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்ற செய்தி வரும். இணையதளத்தில் குறித்துள்ள அளவோடு நம்மிடமுள்ள கோப்பின் அளவை ஒப்பிட்டு, குறைவாயின் அதனை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவிறக்குக. நிறுவும் வேளையில் மின்சாரம் போனால் பாதி எழுதிய நிலையில் பணி நின்றுவிடும். ஆதலால் மடிக்கணினியை மின்னேற்றம் செய்துகொண்டும், மேசைக் கணினியை யுபிஎஸ் துணையோடும் தொடங்குவது நன்று. இடி முழங்கும் நேரத்தில் தொடங்காமலிருப்பது அதனினும் நன்று.

முழுமையைப் போலவே மூலமும் முதன்மையானது. தேடல் முடிவுகளின் உச்சியில் நிற்பது விளம்பரமாக இருக்கலாம். ‘டவுன்லோட்’ என மின்னும் பொத்தான் வேறொருவருடையதாக இருக்கலாம். மென்பொருளை உருவாக்கியவரின் தளத்திலிருந்தோ, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் பெறுக. கோப்பின் மீது வலப்புறச் சொடுக்குச் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்பதைத் திறந்தால், அதில் கையொப்பமிட்ட நிறுவனத்தின் பெயர் தெரியும். நாம் எதிர்பார்த்த பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள்கள் சிலவற்றில் கையொப்பம் இராது. அவற்றுக்கு இணையதளத்தில் தரப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு ஒப்பிடலாம்.

இச்சரிபார்ப்பு வெறும் சடங்கன்று. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்னும் புகழ்பெற்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றித் தங்கள் தீய கோப்பை அங்கே வைத்துவிட்டனர். அதனை இறக்கியவர்கள் சரியான சரிபார்ப்பு எண்ணோடு பின்னர் ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டறிய முடிந்தது. நல்ல தளத்திலும் சோதனை தேவை என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

வங்கித் தளங்களை அடையாளம் காணவும் இப்போது எளிய வழியுண்டு. இந்திய வங்கிகள் ‘.பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. வங்கியின் பெயரைச் சொல்லி வேறு முகவரியில் ஒரு கோப்பு தரப்படுமாயின், அதனைத் தொடாமல் விடுக.

நான்காம் சோதனை: கடிகாரம்

பலரும் நினைத்துப் பாராத காரணம் இது. ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் நாள் பழைய ஆண்டுக்குத் திரும்பியிருந்தால், தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். மேசைக் கணினிகள் பலவற்றில் அது ‘சிஆர்2032’ எனப்படும் பொத்தான் வடிவ 3 வோல்ட் மின்கலம். இணையதளங்களும் நிறுவல் கோப்புகளும் தாங்கிவரும் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாள்காட்டி தவறினால், செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும்; பதிவிறக்கமும் நிறுவலும் தடைபடும். மின்கலத்தை மாற்றி, நாளையும் நேரத்தையும் நேர வலயத்தையும் சரிசெய்தால் போதும்.

ஐந்தாம் சோதனை: உரிமையும் பெயரும்

மென்பொருள் நிறுவ நிர்வாகிக்குரிய உரிமை வேண்டும். சாதாரணப் பயனராக நுழைந்திருந்தால் கணினி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். இது தொல்லையாகத் தோன்றினும் நம்மைக் காக்கும் கதவாகும். வீட்டில் நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, அன்றாட வேலைக்கும் பிள்ளைகளுக்கும் சாதாரணக் கணக்குகளைத் தருவது நல்ல வழக்கம். நிறுவும்போது மட்டும் கோப்பை வலப்புறம் சொடுக்கி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தேர்க. மூலம் உறுதியான கோப்புகளுக்கே இவ்வுரிமையை வழங்க வேண்டும்.

தமிழர் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. விண்டோஸில் கணக்குத் தொடங்கும்போது பயனர் பெயரைத் தமிழ் எழுத்தில் தந்திருந்தால், அப்பெயரிலேயே ஒரு கோப்புறை அமைந்துவிடக்கூடும். யூனிகோடு முறையை அறியாத பழைய நிறுவிகள் அக்கோப்புறையின் பாதையைப் படிக்க இயலாமல் நின்றுவிடும். கணக்கின் பெயரைப் பின்னர் மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்துகளில் புதிய கணக்கொன்றைத் தொடங்கி, அதிலிருந்து நிறுவுவதே தீர்வு. தமிழில் எழுதும் வசதி இதனால் சிறிதும் குறைவதில்லை.

ஆறாம் சோதனை: எச்சமும் துணைக்கூறும்

1618 என்ற எண் தோன்றினால் விண்டோஸ் தன் புதுப்பிப்பைப் பின்னணியில் நிறுவிக்கொண்டிருக்கலாம். பொறுத்திருந்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு முயல்க. 1638 தோன்றினால் பழைய பதிப்பை ‘ஆப்ஸ்’ பகுதியிலிருந்து முறையாக நீக்குக. கோப்புறையை மட்டும் அழித்தால் பதிவேட்டில் எச்சம் தங்கி அடுத்த நிறுவலைத் தடுக்கும்.

கணக்கு மென்பொருளை நீக்கும் சிறு வணிகர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். கைத்தறித் துணி விற்பவராயினும் ரப்பர் ஷீட் வாங்குபவராயினும், ஆண்டு முழுவதற்குமான வரவு செலவும் ஜிஎஸ்டி விவரங்களும் அம்மென்பொருளின் தரவுக் கோப்புறையில் இருக்கக்கூடும். அதனை வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, படி திறக்கிறதா எனவும் பார்த்த பின்னரே நீக்குக.

‘டிஎல்எல் கோப்பு காணப்படவில்லை’ என்ற செய்தி, துணைக்கூறு ஒன்று இல்லை என்பதைக் குறிக்கிறது. அந்த ஒரு கோப்பை மட்டும் ஏதேனும் ஒரு தளத்திலிருந்து இறக்கி ஒட்டுவது ஆபத்தானது. அக்கோப்பு பெரும்பாலும் ‘விஷுவல் சி++’ தொகுப்பைச் சேர்ந்ததாக இருக்கும். அத்தொகுப்பு முழுவதையும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகப் பெறலாம். பழைய கணக்கு மென்பொருள்கள் சில ‘டாட்நெட் 3.5’ என்பதைக் கேட்கும். விண்டோஸ் 10-இல் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் அதனைக் குறியிட்டால் இணையத்தின் வழியே சேர்ந்துகொள்ளும்.

பாதுகாப்பு மென்பொருள் தடுத்தால்

‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இதை நிறுவுக’ என்ற அறிவுரையோடு ஒரு கோப்பு வருமாயின், அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைப் பூட்டுடைத்து இலவசமாகத் தருவதாகச் சொல்லும் கோப்புகளில் இவ்வறிவுரை வழக்கமாகக் காணப்படும். அதனுள் நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் பதிவு செய்யும் நிரல் மறைந்திருந்தால், வங்கிக் கடவுச்சொல்லும் அதன் கையில் சேரும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என எண்ணிச் சேமிப்பு முழுவதையும் பணயம் வைப்பதாகும் அது. விலை தாங்காதெனில், கட்டற்ற மாற்று மென்பொருள்கள் பல உள்ளன. பள்ளிப் பிள்ளைகளே அவற்றை நமக்குக் கற்பிப்பார்கள்.

தவறான கோப்பு ஏற்கெனவே நுழைந்துவிட்டது என ஐயம் எழுந்தால், இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரத்தை நாடலாம். 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கப்பட்ட அம்மையம், கணினியைத் தூய்மை செய்யும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

உதவி கேட்பது எப்படி?

ஆறு சோதனைகளும் பயன் தராவிடில் பிறர் உதவியை நாடுவதில் தவறில்லை. உதவியை நாமே தேடிச் செல்ல வேண்டும். அழையாமல் வரும் உதவியை ஏற்கலாகாது. திரை முழுவதையும் மூடிக்கொண்டு ‘உங்கள் கணினி பாதிக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ எனத் தோன்றும் அறிவிப்பு பொய்யானது. விண்டோஸ் காட்டும் உண்மையான பிழைச்செய்திகளில் தொலைபேசி எண் இராது.

அவ்வாறு அழைத்தவரிடம் மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது, தொலைவிலிருந்து திரையைக் காணும் செயலி ஒன்றை நிறுவி, அதில் தோன்றும் எண்ணைச் சொல்லுமாறுதான். ‘எனிடெஸ்க்’ போன்ற செயலிகள் அலுவலகங்களில் முறையாகப் பயன்படும் கருவிகளே. ஆயினும் ஏமாற்றுவோர் அவற்றைக் கருவியாகக் கொண்டு வாடிக்கையாளர்களின் பணத்தைக் கவர்வது குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. எண்ணைச் சொல்லி இசைவு தந்த நொடியிலிருந்து நம் திரையில் தெரிவது யாவும் அவருக்கும் தெரியும். பின்னர் ‘சேவைக் கட்டணமாகப் பத்து ரூபாய் மட்டும் செலுத்துங்கள்’ என்பார். பத்து ரூபாய் அவர் நோக்கமன்று. நாம் கணக்கைத் திறக்கும் காட்சியே அவருக்கு வேண்டியது. எந்த வங்கியின் பணியாளரும் தொலைபேசியில் அழைத்து இத்தகைய செயலியை நிறுவச் சொல்வதில்லை. இணையவழி வங்கிச் சேவைக்குப் புதுப்பிக்கப்பட்ட உலாவியே போதுமானது.

அருகிலேயே நேரில் உதவி கிட்டும் வழிகள் உள்ளன. அரசு சார்ந்த விண்ணப்பத்துக்காகவே மென்பொருள் தேவைப்பட்டதாயின், கேரளத்தில் 2002-இல் தொடங்கிய அட்சயா திட்டத்தின் மையங்களிலும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு இ-சேவை மையங்களிலும் அவ்வேலையை முடித்துக்கொள்ளலாம். கணினியையே பழுதுபார்க்கக் கடையில் விடுவதாயின், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை முன்னதாக நீக்குக. எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறுக. கணக்கு விவரங்கள் உள்ள கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றுக. கணினியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டித் தருதல் வேண்டாம். கடைக்காரர்க்கென ஒரு தற்காலிகக் கணக்கை ஏற்படுத்தித் தந்து, திரும்பப் பெற்றதும் நீக்கிவிடலாம்.

பணம் போய்விட்டால்

எவ்வளவு விழிப்பாக இருந்தும் தவறு நேரலாம். அப்போது நாணி மறைப்பதால் இழப்பு பெருகும். உடனே கணினியின் இணையத் தொடர்பைத் துண்டிக்கவும். வங்கி அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டுள்ள எண்ணை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லவும். அடுத்து 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கவும். கேரளத்திலிருந்தாலும் தமிழ்நாட்டிலிருந்தாலும் எண் அதுவே. ‘சைபர்கிரைம்.ஜிஓவி.இன்’ தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றவும். பாதிக்கப்பட்ட கணினியிலிருந்தே மாற்றினால் புதிய சொல்லும் திருட்டுப்போகும்.

விரைவின் பயனை விதியே சொல்கிறது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, குறை வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறிடத்தில் இருந்து, வங்கியின் அறிவிப்புக் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் புகார் தந்தால் வாடிக்கையாளர்க்குப் பொறுப்பு இல்லை. கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது. ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேர்கிறது என்பது இதனால் விளங்கும். புகாரின் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்துவைத்து, வங்கிக் கிளையில் எழுத்து வடிவிலும் ஒப்படைக்கவும்.

நினைவில் கொள்ளத்தக்க வரிசை

நிறுவல் தடைபட்டால் முதலில் செய்தியைக் குறித்துக்கொள்வோம். பின்னர் பொருத்தம், இடம், கோப்பு, கடிகாரம், உரிமை, எச்சம் என ஆறையும் இவ்வரிசையில் சோதிப்போம். இவ்வாறு சொற்களையும் ஒரு தாளில் எழுதிக் கணினி மேசையருகே ஒட்டிவைத்தால், வீட்டில் எவர் அமர்ந்தாலும் பயன்படும். ஆறும் முடிந்த பின்னும் தடை நீங்காவிடில் கணினியை அணைத்துவிட்டு, நேரில் அறிந்த ஒருவரிடம் மறுநாள் கேட்போம். ஒரு மென்பொருள் ஒருநாள் தாமதமாக வருவதால் குடும்பத்துக்குக் குறை ஒன்றுமில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் எனச் சேர்த்த பணம் பாதுகாப்பாக இருக்க அந்த ஒருநாள் பொறுமை போதும்.